அஞ்சு நிமிஷச் சாணையும் ஆயுசுக்கும் கண்ணும்



போன வெட்டு சீசனில் ஒரு செம்பனைப் பழம் வெட்டுகிறவர் கண்ணைப் பொத்திக்கொண்டு என் மருந்தறைக்கு வந்தார். அரிவாள் முனை சிதைந்துவிட்டது என்று பட்டறையில் மோட்டார் சாணையில் தீட்டியிருக்கிறார். "அஞ்சு நிமிஷ வேலைதானே ஐயா, அதுக்குப் போய்க் கண்ணாடியா?" என்றார். தீட்டியது திங்கட்கிழமை. என்னிடம் வந்தது புதன்கிழமை. நடுவில் வீட்டில் தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வத்திக்குச்சியில் பஞ்சு சுற்றி எடுக்கப் பார்த்திருக்கிறார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கருவிழியில் ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றிலும் துரு வளையம், ஓரத்தில் வெள்ளையாய்ச் சீழ். நான் தொடவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். துருவைச் சுரண்டி எடுத்தார்கள். தழும்பு நின்றுவிட்டது. அண்ணாந்து பார்த்துக் காம்பைக் குறிவைக்கிற ஆளுக்கு இன்று அந்தக் கண்ணில் குலை கலங்கலாகத்தான் தெரிகிறது.

சாணையில் பறக்கும் பொறி வெறும் வெளிச்சம் இல்லை, சூடான இரும்புத்தூள். கருவிழியில் ஒட்டினால் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். சிலருக்கு அன்றைக்கு வலியே தெரியாது, மறுநாள்தான் உறுத்தும். வேகமாகத் தெறித்த துண்டு கண்ணுக்குள்ளேயே புகுந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

தொழிலாளியை மட்டும் திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பட்டறைக்கென்று வாங்கிய கண்ணாடிகள் ஸ்டோரில் இருந்தன, சாவி கிராணியிடம். வெளியே கிடந்த ஒன்று கீறல் விழுந்து மங்கிப்போனது. போட்டால் கத்தியே தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு எவர் சாணை பிடிப்பார்? 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி இதற்கெல்லாம் முதலாளி நம்மிடம் காசு பிடிக்கக்கூடாது. கொடுத்ததைப் போட்டுக்கொள்வது நம் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே சாணைக்குப் பக்கத்தில் ஆணியில் இரண்டு நல்ல கண்ணாடி தொங்க வேண்டும். தொங்காத நாளில் சுவிட்சைத் தட்டக்கூடாது. மண்டோர் நேரமாச்சு என்று கத்துவார். கத்தட்டும். கிளைத் தலைவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புங்கள்.

கூலிங் கிளாஸ் போதும் என்பவர்களுக்கு: பக்கவாட்டில் பொறி நுழையும், போதாது. துணிக் கையுறையோடு கல் அருகே போகாதீர்கள், விரலோடு இழுத்துக்கொள்ளும். கத்தியை வைக்கும் தாங்கிக்கும் கல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பிட்டரிடம் சொல்லி நெருக்கச் சொல்லுங்கள். கத்தி அதில் மாட்டினால் கல்லே உடைந்து பறக்கும். இன்னொன்று, இது மருத்துவம் இல்லை. அரிவாள் முனை நீலம் பூக்கிற வரை அழுத்தினால் இரும்பின் உரம் போய்விடும், சீக்கிரமே மறுபடி மழுங்கும். தினசரித் தீட்டலுக்கு அரம் போதும்.

தூள் விழுந்துவிட்டால் கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். போகவில்லையென்றால் அழுத்தாமல் மூடிக்கொண்டு அன்றைக்கே வாருங்கள். குச்சியும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம்.

வந்ததும், எங்கே எப்படி நடந்தது என்று உள்ளபடி சொல்லி எழுதச் சொல்லுங்கள். பெர்கேசோவுக்கு அந்தப் பதிவு வேண்டும். 2019 முதல் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் பெர்கேசோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு, அவர்களுக்கும் சொல்லிவையுங்கள். நான் சொன்ன அந்தப் பழம் வெட்டுகிறவர், மண்டோர் ஏசுவார் என்று பயந்து, காட்டில் தூசி விழுந்தது என்றுதான் முதலில் என்னிடம் சொன்னார்.