துறைவாரியாகப் பார்க்க வேண்டிய கணக்கு

ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டைக் கணக்கிட முழு நிறுவனத்தையும் அலகாகக் கொள்வதா, ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்வதா? காசி இந்துப் பல்கலைக்கழக நியமனம் தொடர்பான வழக்கில், துறையே அலகு என 2017-இல் அலாகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 13 இடச் சுழற்சி முறையில் 4-ஆவது பணியிடம் பிற்படுத்தப்பட்டோருக்கும், 7-ஆவது பட்டியலினத்தவருக்கும், 14-ஆவது பழங்குடியினருக்கும் உரியது. மூன்றே பணியிடங்கள் கொண்ட சிறு துறையில் யாருக்கும் எதுவும் கிட்டாது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே, மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கு நிறுவனமே அலகு என 2019-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சரியான முடிவு.

ஆனால், ஒரு கல்லூரி எல்லாரையும் உள்ளடக்குகிறதா என்று மதிப்பிடும்போதும் அதே அலகைக் கைக்கொள்வது பிழை. மாணவர் சேர்வது கல்லூரியில், வாழ்வது துறையில். அகமதிப்பீட்டு மதிப்பெண், ஆய்வேட்டு வழிகாட்டி, வாய்மொழித் தேர்வு ஆகியவற்றைத் தீர்மானிப்போர் அத்துறையின் ஐந்தாறு பேர். தமிழ், வரலாற்றுத் துறைகளில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்து, கணினி அறிவியலில் அருகியிருந்தாலும், கல்லூரியின் சராசரி அழகாகவே தோன்றும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தைப் பாருங்கள். இங்குள்ளவை பெரும்பாலும் சுயநிதிக் கல்லூரிகள். அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளியின் மகளும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியரின் இந்தி பேசும் மகனும், திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் வரும் தமிழ்வழி மாணவரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47%. தேசிய அளவில் 28.4%. வாயில் திறந்துவிட்டது. உள்ளே, துறையின் கருத்தரங்கு மாலை ஐந்து மணிக்கு வைக்கப்படுகிறது. திருத்தணி ரயிலைப் பிடிக்க வேண்டியவரும், மாலைநேர வேலைக்குச் செல்பவரும் எழுந்து போகிறார்கள். அவர்களை யாரும் விலக்கவில்லை. கால அட்டவணை விலக்குகிறது.

மதிப்பிடுவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பல்கலைக்கழகத் தேர்வு விடைத்தாளில் பெயர் இருப்பதில்லை. அகமதிப்பீட்டில் முகம் தெரியும். இரண்டு மதிப்பெண்களுக்கும் உள்ள இடைவெளியைப் பயிற்றுமொழி, சமூகப் பிரிவு, பாலினம் வாரியாகத் துறைதோறும் ஒப்பிடலாம். ஒரு துறையில் மாணவர் எண்ணிக்கை குறைவென்பதால் ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துப் பார்ப்பதே முறை. இடைவெளி இருப்பதாலேயே பாகுபாடு உறுதியாகிவிடாது; ஆங்கிலத்தில் பேசியவருக்குக் கருத்தரங்க மதிப்பெண் தாராளமாகக் கிடைத்திருக்கலாம். அப்படியானால், அளக்கப்பட்டது பாட அறிவா, பேச்சு நயமா என்று துறைத்தலைவர் விளக்கியாக வேண்டும்.

பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளி நெடுங்காலமாக இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5% இடங்களை ஒதுக்குகிறது. சுயநிதிக் கல்லூரிகளுக்கு அந்தக் கட்டாயமில்லை. அப்பள்ளியில் பயின்ற ஒருவர் எங்கள் பொருளியலுக்கு வந்தால், தேவை வளைகோட்டைக் கரும்பலகையில் வரைந்து 'இங்கே பாருங்கள்' என்றால் போதுமா? தடித்த அட்டையில் நூலை ஒட்டி, விரலால் தடவி அறியச் செய்யலாம். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. இதைச் செய்ய மனமில்லாத துறைகள்தாம் 'இந்தப் பாடம் உங்களுக்குச் சிரமம்' என்று அக்கறையோடு திருப்பி அனுப்புகின்றன.

ரோஹித் வெமுலா, பாயல் தத்வி ஆகியோரின் தாயார்கள் 2019-இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர். அவ்வழக்கின் பின்னணியில், 2026 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு புதிய சமத்துவ ஒழுங்குமுறைகளை அறிவித்தது. அம்மாதமே உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012-ஆம் ஆண்டு விதிகளே தொடரும் என்றது. புகார் எழுந்த பின் விசாரிப்பதைப் பற்றிய விவாதம் அது. அகமதிப்பீடு தன் கையில் இருக்கும் ஆசிரியர்மீது எத்தனை மாணவர்கள் புகார் எழுதுவார்கள்?

பயிற்றுமொழி விவரம் சேர்க்கை விண்ணப்பத்திலும், மதிப்பெண்கள் தேர்வு அலுவலகக் கணினியிலும் ஏற்கெனவே உள்ளன. இரண்டையும் இணைத்து, மாணவர் பெயர்களை நீக்கி, துறைவாரிப் பட்டியலாக அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் வைக்க ஒரு முதல்வருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.