கொல்லம் கடல் மணல்: எதிரொலி சொன்னதும் சொல்லாததும்
திருவனந்தபுரம்: கொல்லம் கடற்பகுதியில் கட்டுமான மணல் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு எதிராகக் கேரள சட்டப்பேரவை 2025 மார்ச் 4-ஆம் தேதி தீர்மானம் நிறைவேற்றியது. அதற்குச் சில நாட்கள் முன்பு, பிப்ரவரி 27-ஆம் தேதி, மாநிலம் முழுவதும் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மத்திய, மாநில மோதலாகவே பேசப்படும் இந்த விவகாரத்தில் அதிகம் கேட்கப்படாத கேள்வி ஒன்று உள்ளது. ஏலத்துக்கு அடிப்படையான கடலடி ஆய்வு எதை அளந்தது என்பதே அது.

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி பொன்னானி, சாவக்காடு, கொச்சி, ஆலப்புழை, கொல்லம் ஆகிய 5 கடற்பகுதிகளில் சுமார் 745 மில்லியன் டன் மணல் உள்ளது. பனியூழியில் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்த காலத்தில், அன்றைய ஆறுகளும் கரைகளும் விட்டுச்சென்ற படிவம் இது. 2024 நவம்பர் 28-ஆம் தேதி ஏலத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்டின் முதல் 13 கடல் கனிமத் தொகுதிகளில் 3 கொல்லம் கடலில் உள்ளன.

இத்தகைய ஆய்வுகளில் கப்பலிலிருந்து ஒலித்துடிப்புகள் கீழே செலுத்தப்பட்டு, படிவங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி பதிவு செய்யப்படுகிறது. எண்ணெய் தேடுவோர் பல கிலோமீட்டர் ஆழம் காண வேண்டியிருப்பதால், காற்றை வெடித்து வெளியேற்றும் வலுவான கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். நார்வே ஆய்வாளர்கள் 1992-இல் பேரண்ட்ஸ் கடலில் நடத்திய சோதனையில், அத்தகைய ஒலியால் காட் மீன்பிடிப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மணலுக்குச் சில பத்து மீட்டர் ஆழமே போதும். வலுக்குறைந்த ஒலியே பயன்படும். ஆகவே நார்வே அனுபவத்தைக் கொல்லத்துக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது. இங்கு கவலைக்குரியது ஆய்வு அல்ல, அடுத்து வரும் அகழ்வே.

எதிரொலி படிவத்தின் எல்லையைக் காட்டும். அது மணலா, களிமண்ணா என்பதைக் குழாய் இறக்கி எடுக்கும் மாதிரி உறுதிசெய்யும். பரப்பைத் தடிமனால் பெருக்கினால் அளவு கிடைத்துவிடும். அந்த மணல்மீது வாழும் உயிர்கள் இக்கணக்கில் வருவதில்லை.

வர்க்கலை முதல் அம்பலப்புழை வரை நீளும் கொல்லம் பரப்பு, இறாலுக்கும் கணவாய்க்கும் பெயர்பெற்ற மீன்பிடிக் களம். மணலை அள்ளும்போது கலங்கும் சேறு நீரோட்டத்தில் பரவும் என்பதே மீனவர்களின் அச்சம். ஏலத்துக்கு முன் போதிய சுற்றுச்சூழல் ஆய்வு நடக்கவில்லை என்கிறது கேரளம். தொகுதிகள் 12 கடல் மைலுக்கு அப்பால் உள்ளன, பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகள் தவிர்க்கப்பட்டுள்ளன என்கிறது மத்திய அரசு. ஆனால் கொல்லம் பரப்பு பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் பட்டியலில் இல்லை. அது மீன்பிடிக் களம் மட்டுமே. எனவே அந்தப் பதில் மீனவர்களின் கேள்வியைத் தொடவில்லை.

மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி, மேற்குக் கடற்கரையில் 12 கடல் மைலுக்கு அப்பாலும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் மீன்பிடிக்க மத்திய அரசே தடை விதிக்கிறது. மணல் அள்ளும் கப்பல்கள் அந்த நாட்களில் என்ன செய்யும் என்பதையும் கரையில் காத்திருப்போருக்கு அரசு சொல்ல வேண்டும்.