300 கேட்டால் 350

வலைப்பக்க வடிவமைப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கூட்டல் கணக்கில் சறுக்குகிறார்கள். பெட்டிக்கு அகலம் 300 பிக்ஸல் என்று எழுதுகிறார்கள். எழுத்துகள் ஓரத்தில் இடிக்காமலிருக்க இரு பக்கமும் 20 பிக்ஸல் இடைவெளி. சுற்றிலும் 5 பிக்ஸல் கோடு. திரையில் வந்து நிற்கும் பெட்டியின் அகலமோ 350!

கம்ப்யூட்டரின் கோளாறு அல்ல இது. பக்கங்களின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். மொழிக்கு நார்வேக்காரர் ஹோகோன் வியும் லீயும் டச்சுக்காரர் பெர்ட் போஸும் எழுதிய விதிகள் 1996 டிசம்பரில் அங்கீகாரம் பெற்றன. அவற்றின்படி 'விட்த்' என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே. 'பேடிங்' என்ற உள் இடைவெளியும் 'பார்டர்' என்ற கரைக்கோடும் அதற்கு மேல் கூடும். கொத்தனார் பாஷையில் சொன்னால், உள்கூடு அளவு. அறைக்குள் கட்டில் போடுகிறவருக்கு அது போதும். மனையில் எத்தனை அறை அடங்கும் என்று பார்க்கிறவருக்குச் சுவரின் கனமும் சேர வேண்டாமா? ஆளுக்கு 50 சதவீதம் என்று இரு பத்திகளை 'ஃப்ளோட்' முறையில் அருகருகே நிறுத்தி, ஒரே ஒரு பிக்ஸல் கோடு போட்டால் போதும். இரண்டாவது பத்தி இடமில்லாமல் கீழே இறங்கிவிடும்.

மைக்ரோசாஃப்ட் வேறு கணக்குப் போட்டது. விண்டோஸுக்கான அதன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, 300 என்றால் கோடு உட்பட மொத்தமே 300 என்று எடுத்துக்கொண்டது. விதிப்படி தவறு, நடைமுறைக்கு அதுவே வசதி. ஆனால் ஒரே பக்கம் ஆளுக்கு ஆள் வேறு அகலத்தில் தெரிந்ததில் வடிவமைப்பாளர்கள் தவித்துப்போனார்கள். மைக்ரோசாஃப்டிலேயே பணியாற்றிய டான்டெக் செலிக் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். பக்கத்தைக் குரலில் வாசிப்பதற்கான ஒரு கட்டளையில், மேற்கோள் குறிகளுக்குள் ஓர் அடைப்புக்குறியைச் சொருகுவது. எக்ஸ்ப்ளோரர் 5 விதி அத்துடன் முடிந்தது என்று ஏமாந்து நின்றுவிடும். மற்றவை மேலே படித்துச் சரியான அளவைப் பிடித்துக்கொள்ளும். அகலத்தைச் சரிசெய்யக் குரல் கட்டளை! கண்ராவிதான், ஆனால் வேலை செய்தது. 2001-இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 6, பக்கத்தின் உச்சியில் முறையான அறிவிப்பு இருந்தால் விதிக்குக் கட்டுப்பட்டது. ஜெயித்தது விதி.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். தோற்ற கணக்கையே விரும்பியவர்களுக்காக 'பாக்ஸ்-சைஸிங்' என்ற கட்டளை வந்தது. அதற்கு 'பார்டர்-பாக்ஸ்' என்று மதிப்புக் கொடுத்தால் 300 என்பது 300-ஆகவே நிற்கும். உள்ளே இருப்பது 250-ஆகச் சுருங்கும். (வெளியே விடும் 'மார்ஜின்' எந்தக் கணக்கிலும் சேராது. இடைவெளியும் கோடும் மட்டுமே கேட்ட அகலத்தை மிஞ்சினால், பெட்டி பெருத்துத்தான் தீரும்.) எல்லாப் பெட்டிகளுக்கும் இதையே வைத்துவிடுங்கள் என்று 2012-இல் எழுதினார் வலை வல்லுநர் பால் ஐரிஷ். அடுத்த ஆண்டே பூட்ஸ்டிராப் 3 அப்படிச் செய்தது. இப்போது ஏராளமான ஸ்டைல் ஷீட்டுகள் இந்த வரியோடுதான் தொடங்குகின்றன.

சி.எஸ்.எஸ். பணிக்குழு தன் பிழைகளுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே 'பார்டர்-பாக்ஸ்' கணக்கு இருந்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒப்புக்கொண்டாலும் மாற்ற முடியாது; பழைய விதியை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற பக்கங்கள் குலைந்துபோகும்.

இத்தனைக்கும் பிரவுசர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பட்டனுக்கு அவை 'பார்டர்-பாக்ஸ்' கணக்கு வைக்கின்றன. பெயரை நிரப்பும் கட்டத்துக்குப் பழைய கணக்கு. இரண்டுக்கும் 200 பிக்ஸல் என்று எழுதி அந்த ஒற்றை வரியைச் சேர்க்க மறந்தால், பட்டன் 200-இல் நிற்கும். மேலே உள்ள கட்டம் சில பிக்ஸல் துருத்திக்கொண்டிருக்கும்.