தூக்கத்தில் தின்ற மிக்சர்

மிக்சர் டப்பா இரவோடு இரவாகக் காலியாகிக்கொண்டிருந்தது. பேரன் மேல்தான் சந்தேகம். ஒருநாள் இரண்டு மணிக்கு மனைவி எழுந்து பார்த்தால், நான் அடுப்படியில் நின்று இட்லி மாவைப் பச்சையாகவே அள்ளித் தின்கிறேனாம்! கூப்பிட்டதற்குப் பதில் இல்லையாம். காலையில் எனக்கு எதுவும் நினைவில்லை. சர்க்கரை மட்டும் 240.

இதற்கும் மாத்திரை உண்டு. வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிற டோபிரமேட். சிலருக்குக் கேட்கிறது. ஆனால் விரல்களில் ஊசி குத்தும். பேசும்போது சொல் வராமல் தடுமாறும். நம் வயதில் அதற்கு மாத்திரை வேறு வேண்டுமா?

நல்லவேளை, டாக்டர் முதலில் கேட்டது, "தூங்க என்ன போடுறீங்க?"

ஜோல்பிடெம். இதைப் போட்டுவிட்டுத் தூக்கத்திலேயே நடப்பது, அடுப்பு பற்றவைப்பது, கார் ஓட்டுவது எல்லாம் நடந்திருப்பதால், 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. டாக்டர் நிறுத்தச் சொன்னார், தின்பதும் நின்றது.

ஆகவே புது மாத்திரை கேட்குமுன், போடுகிற மாத்திரைகளையெல்லாம் பையோடு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

மனைவி இன்னும் சிலிண்டரை மூடிவிட்டுத்தான் படுக்கிறாள்.