முதலில் சாக்கடையை நிறுத்துங்கள்

கோவை சிங்காநல்லூரில் பல வீடுகளுக்கு இரண்டு தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர். துவைக்க, கழுவ உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குக் கேரள எல்லைக்குள் இருக்கும் சிறுவாணியையும், பவானியின் குறுக்கே நிற்கும் பில்லூர் அணையையும் கோவை நம்பியிருக்கிறது. உப்புத் தண்ணீர் நம் காலடியிலேயே கிடைக்கிறது. மாநகராட்சியின் கவலையும் பணமும் மலைத் தண்ணீரின் மேலேயே இருக்கின்றன. பில்லூர் மூன்றாம் திட்டம் வரை வந்துவிட்டோம். காலடித் தண்ணீரைக் கேட்பாரில்லை.

2016-இல் மழை பொய்த்து, 2017 கோடையில் சிறுவாணி வறண்டபோது மக்களுக்குக் கைகொடுத்தவை போர்வெல்களும் லாரிகளும்தான். அடுத்த வறட்சியிலும் அங்கேதான் போய் நிற்போம். அந்த நிலத்தடி நீரை ஊற வைக்கும் குளத்தில் இப்போது எதை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்?

சிங்காநல்லூர் குளம் ஏறத்தாழ 288 ஏக்கர். நொய்யல் ஆற்றை நம்பி வெட்டப்பட்ட குளங்களில் ஒன்று. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வர வேண்டிய வழிகளில் ஆண்டு முழுதும் கழிவுநீர் வருகிறது. கரையில் நின்றால் நாற்றம்; தண்ணீர் தெரியாதபடி ஆகாயத்தாமரை. கழிவுநீரின் சத்தை உண்டு கொழுக்கும் செடி அது. பொக்லைன் வைத்து அள்ளினாலும் சில மாதங்களில் மறுபடி மூடிக்கொள்ளும். சாக்கடை வரும்வரை அள்ளும் செலவு வீண்தான்.

2017-இல் இதே குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்தது. நல்ல முடிவு, மனமாரப் பாராட்டலாம். ஆனால் அறிவிப்புப் பலகையைத் தாண்டித்தான் கழிவுநீர் உள்ளே போகிறது. நகரின் மற்ற குளங்களான உக்கடம் பெரியகுளத்திலும் வாலாங்குளத்திலும் நடைபாதையும் விளக்குகளும் போட்டார்கள். மக்கள் காற்று வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. குளத்துக்குள் விழும் கழிவுநீரை நிறுத்துவது அதற்கு முந்திய வேலை.

நொய்யல் ஏற்கெனவே ஒருமுறை நமக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. கெட்ட கிணறு அந்த உத்தரவால் திருந்திவிடவில்லை.

எனவே குளத்துக்கு வரும் ஒவ்வொரு வழியிலும் கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று கணக்கெடுத்து, பாதாளச் சாக்கடையில் இணைக்கத் தேதி குறிக்க வேண்டும். அந்த இணைப்பு இல்லாத புதிய அடுக்குமாடிக்கு அனுமதி தரக்கூடாது. குளத்தைச் சுற்றியுள்ள போர்வெல் தண்ணீரைக் கோடையில் ஒருமுறை, மழைக்குப்பின் ஒருமுறை சோதித்து, முடிவை வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். இவை முடியும்வரை குளக்கரை அழகுபடுத்தலுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கக்கூடாது.