கேன்சல் பண்ணத் தெரிஞ்சா கேம்பிங் போகலாம்

எல்லா டிபார்ட்மென்ட்டிலும் இப்படி ஒரு வாட்ஸ்அப் குரூப் கண்டிப்பா இருக்கும். டிபியில் ஒரு மலை, அதற்கு முன்னாடி ஒரு ஆரஞ்சு கலர் டென்ட். குரூப் பேரிலேயே "கன்ஃபார்ம்" என்ற வார்த்தை இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஆறு மாசமா ஒரே பேச்சுதான். "மச்சி எப்ப போறோம்?" "ப்ராஜெக்ட் ரிவ்யூ முடியட்டும்டா." "எங்க அக்காவுக்கு வளைகாப்பு." "மழை வர்ற மாதிரி இருக்கே." கடைசியில் யாராவது ஒரு சோக ஸ்டிக்கர் போடுவாங்க. அதோட அடுத்த மாசம்.

இதைப் பார்த்து "நமக்கு நேரமே கிடைக்கல" என்று எல்லோரும் புலம்புகிறோம். என் கருத்து வேற. நேரம் கிடைக்காதது சின்னப் பிரச்சினைதான். கஷ்டப்பட்டுக் கிடைச்ச தேதியை, தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கத் தெரியாததுதான் பெரிய பிரச்சினை. முதலாவதால் ட்ரிப் போகாம போகும், அவ்வளவுதான். இரண்டாவதால் உயிரே போகலாம்.

முதலில் காலண்டரை எடுத்து ஒரு கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான வடகிழக்குப் பருவமழை. நமக்கு ஆட் செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு லீவு விடுவதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறை, நீலகிரியின் மேற்குப் பக்கம், கேரள எல்லை எல்லாம் அப்போ நனைஞ்சு ஊறிக் கிடக்கும். ஏற்காடு, கொல்லிமலை, ஜவ்வாது மலை பக்கம் அந்த அளவுக்கு இருக்காது. ஆனா சாயங்காலம் இடியோட மழை எப்ப வேணும்னாலும் வரும்.

மழை இல்லாத மாசமாவது நம்மோடதா என்றால் அதுவும் முழுசா இல்லை. பிப்ரவரி பாதியிலிருந்து காட்டில் புல் காய்ஞ்சு தீ பிடிக்கும் சீசன். வனத்துறை நடத்தும் ட்ரெக்கிங் பாதைகளை 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியே வைத்திருந்தார்கள். ஏப்ரல் கடைசியும் மே மாசமும் ஊரே மலைக்குக் கிளம்பும் காலம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வாங்கணும் என்ற நிலை 2024 மே மாசத்திலிருந்து வந்துவிட்டது.

எல்லாத்தையும் கழித்துப் பார்த்தால் நல்ல வானம், நல்ல குளிர், கொஞ்சம் காய்ஞ்ச தரை என்று மூணும் சேர்ந்து கிடைப்பது ஜனவரி தொடக்கம் முதல் பிப்ரவரி பாதி வரை. சுமார் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்துக்குள்ளதான் பொங்கல் வருது. ஊருக்குப் போகலைன்னா பாட்டி கோவிச்சுக்குவாங்க. அடுத்து தை மாச முகூர்த்தம், சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம் ரெண்டாவது இருக்கும். நடுவில் ப்ராஜெக்ட் ரிவ்யூ. இன்டர்ன்ஷிப் போறவங்களுக்கு ஆபீஸ். மிச்சம் இருப்பது ரெண்டு, மூணு வாரக்கடைசிதான். பத்துப் பேருக்கும் அது ஒத்து வரணும் என்றால் கேக்கவே வேண்டாம்.

வேலைக்குப் போன சீனியர்களைக் கேளுங்க, இன்னும் மோசமாச் சொல்லுவாங்க. சப்போர்ட் ப்ராஜெக்ட்டில் மாட்டினவங்களுக்குச் சனி, ஞாயிறே கிடையாது. ரிலீஸ் இருந்தா வெள்ளிக்கிழமை ராத்திரி லேப்டாப்பைத் தூக்கிட்டுத்தான் வண்டி ஏறணும். ஒரு நாள் லீவு கேக்கறதுக்கு மூணு நாள் முகத்தைப் பார்த்து நேரம் பார்க்கணும். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, அப்பா அம்மாவுக்கு வயசான பிறகு அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஆபத்து இங்கதான் ஆரம்பிக்குது. இவ்வளவு போராடி வாங்கின தேதி ஆச்சே! லீவு சாங்ஷன் ஆயிடுச்சு, வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, டென்ட் வாடகைக்கு எடுத்தாச்சு, எல்லோரும் வீட்டில் ஏதோ சொல்லிச் சமாளிச்சாச்சு. அப்போ வெள்ளிக்கிழமை காலையில் மழை எச்சரிக்கை வந்தா யாருக்கு "வேண்டாம்" என்று சொல்ல மனசு வரும்? "லைட்டா தூறும்டா, பாத்துக்கலாம்" என்பான் ஒருத்தன். மத்தவங்க எல்லோரும் அவன் சொன்னதைப் பிடிச்சுக்குவாங்க. தேதி எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு நம்ம கண்ணு மறைஞ்சு போகுது.

மலையில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ட்ரெக்கிங் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஐ.டி.யில் வேலை பார்த்த இளைஞர்களும் அதில் இருந்தார்கள். வாரக்கடைசியைத் தவிர வேற நாள் கிடைக்காத, நம்மள மாதிரி ஆட்கள்தான். அவங்களைக் குறை சொல்ல இதை எழுதல. தீ சீசன் என்ற ஒரு விஷயம் நம்ம லீவு லிஸ்ட்டைப் பார்த்து வராது என்பதற்காக எழுதுறேன்.

2024 மே மாசம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனை அடிச்சிட்டுப் போனது. அருவியில் நிற்பவனுக்கு மேலே காட்டுக்குள் பெய்த மழை தெரியாது. அதே வருஷம் ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு புதைத்தது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஒரு வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். புயல் கரையைக் கடந்துடுச்சு, இனிமே கிளம்பலாம் என்று நினைக்கிறவங்க இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கணும்.

அடுத்து, யாரும் சத்தமாப் பேசாத ஒரு விஷயம். வீட்டில் சொல்ற பொய். "ஐ.வி. போறோம்மா." "ஃப்ரெண்டோட அண்ணன் கல்யாணம்பா." இந்தப் பொய்யில் இருக்கிற தப்பு ஒழுக்கம் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. ஐ.வி. போறேன்னு சொல்லிட்டு மலை ஏறினவனால் மழை வந்தா வீட்டுக்கு போன் பண்ணி "ரோடு மூடிட்டாங்க, நாளைக்குத்தான் வருவேன்" என்று சொல்ல முடியாது. ஞாயிறு ராத்திரிக்குள்ள எப்படியாவது கீழ இறங்கியே ஆகணும். அந்த "எப்படியாவது"தான் ஆளை இருட்டில், வழுக்குப் பாறையில் இறங்க வைக்குது. ஏதாவது ஆனா எந்தப் பக்கம் தேடணும்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரியவும் தெரியாது.

பொண்ணுங்களுக்கு இது இரட்டை மடங்கு. பையன் போறேன்னா "எப்போ வருவ?" என்று ஒரு கேள்வி. பொண்ணு போறேன்னா இருபது கேள்வி, இருபதாவது கேள்விக்கு அப்புறமும் "வேண்டாம்" என்ற பதில். அதனால பொய் அதிகம் சொல்ல வேண்டியிருக்கு, பொய் அதிகமானா ஆபத்தும் அதிகமாகுது. இதைப் படிக்கிற அப்பா அம்மா யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். "எதுக்குப் போற?" என்று கேக்கறதுக்குப் பதிலா "எங்க போற, யார் கூட்டிட்டுப் போறாங்க, மழை வந்தா என்ன பண்ணுவ?" என்று கேளுங்க. இந்த மூணு கேள்விக்கும் சரியான பதில் இல்லைன்னா நிச்சயம் விடாதீங்க. பதில் இருந்தால் விடுங்க.

"உண்மையைச் சொன்னா எங்க வீட்டில் விடவே மாட்டாங்க" என்பீங்க. சில வீட்டில் அப்படித்தான், மறுக்கல. ஆனா பெரும்பாலும் நாம கேக்கற விதமும் ஒரு காரணம். எங்க வீட்டில் தாத்தாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறது என் வேலை. சனிக்கிழமை அதில் ஒரு நாள். அதை அப்படியே விட்டுட்டு "நான் கேம்பிங் போறேன்" என்று சொன்னா யாருக்கும் கோவம்தான் வரும். சித்தப்பாகிட்ட "இந்த ஒரு சனிக்கிழமை நீங்க பாத்துக்கோங்க சித்தப்பா, அடுத்த மாசம் உங்க முறையையும் சேர்த்து நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "தாத்தாவுக்குத் திடீர்னு முடியலைன்னா திரும்பி வந்துருவியாடா?" நியாயமான கேள்வி. அதுக்கு ஆமான்னு சொல்ற மாதிரி இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கணும். சிக்னல் கிடைக்கிற இடம், பாதி வழியில் இறங்கக்கூடிய பாதை, நாலு மணி நேரத்தில் வீடு.

சரி, எப்படித்தான் பிளான் பண்றது? நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி என்று நாலு வருஷமா எழுதுறோம். பரீட்சை பேப்பரோட அதை விட்டுடக் கூடாது.

ஒண்ணு, ஒரு தேதி போதாது. எப்பவும் ரெண்டு தேதி எடுங்க. முதல் தேதி போச்சுன்னா ரெண்டாவது இருக்கு என்று தெரிஞ்சா "வேண்டாம்" என்று சொல்வது பாதி சுலபம். வேன்காரர்கிட்டயும் முதலிலேயே பேசிடணும். மழைன்னா அட்வான்ஸை அடுத்த தேதிக்கு மாத்திக்குவீங்களா என்று கேட்டுட்டுத்தான் பணம் கொடுக்கணும்.

ரெண்டு, எந்த நிலைமையில் போகமாட்டோம் என்பதைக் கிளம்பும் நாளில் முடிவு பண்ணாதீங்க. ரெண்டு வாரம் முன்னாடி, மனசு அமைதியா இருக்கும்போது எழுதி குரூப்பில் பின் பண்ணுங்க. வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் என்றால் கனமழை, 115.6-க்கு மேல் என்றால் மிக கனமழை, 204.5-க்கு மேல் என்றால் அதி கனமழை என்று பிரிக்கிறது. பொதுவா மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் இந்த வரிசையில் வரும். நம்ம ஊருக்கு இல்லை, போகிற மாவட்டத்துக்குப் பார்க்கணும். மலைக்கு மஞ்சள் வந்தாலே ராத்திரி டென்ட்டில் தங்குவது ரத்து, ஆரஞ்சு என்றால் பயணமே ரத்து. இதில் விவாதம் கிடையாது.

மூணு, குரூப்பில் யார் ஒருத்தர் "எனக்குச் சரியாப் படல" என்றாலும் நின்னுடணும். ஏன் என்று கேக்கக் கூடாது, கிண்டல் பண்ணக் கூடாது. பயந்தாங்கொள்ளி என்று பேர் வந்துடும்னு பயந்து ஏறினவங்கதான் குரூப்பில் பாதிப் பேர் இருப்பாங்க.

நாலு, எங்க தங்கறோம் என்பதில் சட்டமும் இருக்கு. காப்புக்காட்டுக்குள் நம்ம இஷ்டத்துக்கு டென்ட் அடிக்க முடியாது. தனியார் இடம் என்றாலும் உரிமம் இருக்கா, சுத்தி என்ன விலங்கு நடமாட்டம் என்று கேக்கணும். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடி பக்கம் ஒரு ரிசார்ட் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. காசு கொடுத்துத் தங்கின இடம்தான் அது. பகலில் ஏறி இறங்கினால் போதும் என்றால் அதுக்கு நல்ல வழி இருக்கு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 14 மாவட்டங்களில் 40 ட்ரெக்கிங் பாதைகளை ஆன்லைன் புக்கிங்கோட திறந்தது. அந்தந்த மலையைச் சேர்ந்த மக்களே வழிகாட்டியா வர்றாங்க. வீட்டில் முதல் முறை அனுமதி கேக்கறவங்களுக்கு இதைக் காட்டிக் கேக்கறது சுலபம்.

அஞ்சு, கேன்சல் ஆன சனிக்கிழமைக்கும் ஒரு பிளான் வேணும். டென்ட்டை ஹாஸ்டல் மொட்டை மாடியிலோ யாராவது வீட்டு மாடியிலோ அடிங்க. ரெண்டு பக்கெட் தண்ணியை மேலே ஊத்திப் பாருங்க. எந்தத் தையல் ஒழுகுது, எந்த ஆணி நிக்கல என்று அங்கேயே தெரிஞ்சுடும். ஒரு ஸ்டவ், நூடுல்ஸ், பழைய கதை எல்லாம் அங்கேயும் இருக்கும்.

"இவ்வளவு கணக்குப் போட்டா ஜாலி எங்கடா இருக்கு?" என்று ஒரு நண்பன் கேட்டான். திடீர்னு கிளம்பறதில் ஒரு சுகம் இருக்குதான், அதை நான் இல்லைன்னு சொல்லல. டீக்கடைக்கோ பீச்சுக்கோ திடீர்னு கிளம்பலாம். நனைஞ்ச துணியோட, பத்து டிகிரி குளிரில், உதட்டு நிறம் மாறி நடுங்கும் ஒருத்தனைத் தூக்கிக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கறதில் எந்த ஜாலியும் இல்லை. மழையில் நனைஞ்ச உடம்பு அந்தக் குளிரில் சீக்கிரம் சூடு இழக்கும். அதுக்கு இமயமலை வரைக்கும் போக வேண்டாம், நம்ம கொடைக்கானல் ராத்திரியே போதும்.

இன்னும் சில மாசத்தில் நாம எல்லோரும் வேற வேற ஊரில், வேற வேற ஷிஃப்ட்டில் இருப்போம். இப்போ கிடைக்கிற ரெண்டு வாரக்கடைசி அப்போ ஒண்ணா ஆகிடும். தேதி அரிதாக ஆக, அதை விட்டுக்கொடுக்கறது இன்னும் கஷ்டமாகும். அதனாலதான் இந்தப் பழக்கத்தை இங்கேயே, காலேஜ் முடியறதுக்குள்ளயே பழகிக்கணும் என்கிறேன். அடுத்த தடவை உங்க குரூப்பில் "எப்ப போறோம்?" என்று யாராவது கேட்டால், தேதி சொல்வதற்கு முன்னாடி எப்பெல்லாம் போகமாட்டோம் என்று ஒரு மெசேஜ் போட்டுடுங்க. அதுக்கு எல்லோரும் தம்ஸ் அப் போட்ட பிறகு தேதியைப் பேசலாம்.