டிங்கி: காய்ச்சல் விட்ட நாளில்தான் தாதியின் வேலை கூடுகிறது

நான்கு நாள் கஞ்சியோடு சுருண்டு கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கத் தொடங்கினால் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. காய்ச்சல் விட்டுவிட்டது, இனி கிளினிக்குக்குப் போய் இரத்தம் கொடுக்க வேண்டாம் என்று அன்றோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கூட ஒருவர் போனால் அவருடைய ஒரு நாள் சம்பளமும் போகும் என்ற நிலையில் இருக்கும் வீடுகளைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் டிங்கியில் ஆபத்து பெரும்பாலும் அந்த நாளில்தான் தொடங்குகிறது.

2024ஆம் ஆண்டில் மலேசியாவில் 122,423 பேருக்கு டிங்கி கண்டது. 117 பேர் இறந்தனர். அதற்கு முந்தைய ஆண்டில் நோய் கண்டவர்கள் சற்றுக் கூடுதல், ஆனால் மரணம் 100.

காய்ச்சல் தொடங்கிய 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் உடல் சூடு இறங்கும்போது, சிலருக்கு இரத்த நாளங்கள் கசியத் தொடங்குகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. இந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். இதில் ஏமாற்றுவது இரத்த அழுத்த எண்தான். உடல் தாக்குப்பிடிக்கப் பார்ப்பதால் மேல் எண் உடனே விழுவதில்லை. கீழ் எண்தான் ஏறுகிறது. 110/70 என்றிருந்தது 105/85 ஆகும்போது, மேல் எண்ணை மட்டும் பார்ப்பவர் "பிரஷர் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 40இலிருந்து 20க்குச் சுருங்கிவிட்டதைப் பார்க்கும் தாதி மருத்துவரை அழைப்பார். அந்த நேரத்தில் நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டும் இருக்கலாம்.

இதற்காகவே மலேசிய மருத்துவ வழிகாட்டிகள் நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கும் ஒரு முறையைச் சொல்லித் தருகின்றன. ஒரே பிடியில் ஐந்து விவரங்கள்: தோலின் நிறம், நகத்தை அழுத்தி விட்டால் இரத்தம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது, கை சூடாக இருக்கிறதா குளிர்ந்திருக்கிறதா, நாடி வலுவாக இருக்கிறதா, எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதற்கு 'சிசிடிவி-ஆர்' என்று பெயர். கண்காணிப்புக் கேமரா போல என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இயந்திரம் தேவையில்லை, அரை நிமிடம் போதும்.

அந்த அரை நிமிடம் ஒரு கட்டிலுக்கு. ஆபத்துக் கட்டத்தில் இருப்பவரைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். குடித்ததையும் சொட்டு மருந்தாக ஏறியதையும் சிறுநீராகப் போனதையும் அளந்து எழுத வேண்டும். நீர் குறைந்தாலும் ஆபத்து, அளவுக்கு மீறி ஏறினாலும் பின்னர் மூச்சுத்திணறல் வரும். எவ்வளவு ஏற்றுவது என்று சொல்பவர் மருத்துவர். இப்போதே அவரை அழைப்பதா, அடுத்த முறை பார்க்கும்வரை பொறுப்பதா என்பதை அந்த இடத்தில் முடிவு செய்பவர் தாதி. வார்டில் ஆள் குறைவாக இருந்தால் முதலில் தவறிப்போவது இந்தப் பார்வைதான். பொதுச் சேவையின் புதிய ஊதியத் திட்டம் 2024 டிசம்பரில் வந்தபோது, வார்டு தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக்கும் ஏற்பாட்டுக்கு எதிர்ப்பு எழுந்து, அது தள்ளிவைக்கப்பட்டது. அதைத் தாதியரின் சலுகைப் பிரச்சினையாக மட்டும் பார்த்தவர்கள், இரவு வேலையின் கடைசி மணி நேரத்தில் அந்த நாடியைப் பிடிப்பவர் எவ்வளவு களைத்திருப்பார் என்பதை யோசிக்கவில்லை.

மொழியும் குறுக்கே நிற்கிறது. எங்கே வலிக்கிறது என்று மலாயில் கேட்டால், வயதான தோட்டத்துப் பாட்டி "ஒன்னுமில்ல மிசி, முடியல" என்பார். பேரன் அதை 'பெனாட்' என்று மொழிபெயர்ப்பான். களைப்பு என்று பதிவாகும். எழுந்து நிற்கவே முடியாத சோர்வு டிங்கியின் எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று. விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவையும் அப்படித்தான். நேற்று வரை தானே எழுந்து போன பாட்டி இன்று தாங்கிப் பிடித்தால்தான் நிற்கிறார் என்று பேரன் சொல்லியிருந்தால் தாதியின் முடிவே மாறியிருக்கும்.

நம் குடும்பங்கள் வார்டில் கேட்கும் முதல் கேள்வி "பிளேட்லட் எவ்வளவு?" என்பதுதான். பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொடுப்பதும் அந்த எண்ணுக்காகவே. அது குறைவதை மருத்துவமனையும் கவனிக்கிறது. ஆனால் கூடவே எச்.சி.டி. ஏறுகிறதா என்று பார்க்கிறது, ஏனென்றால் இரத்தம் கெட்டிப்படுவதைக் காட்டுவது அதுதான். இரத்தக் கசிவு இல்லாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லட் ஏற்றுவதால் பயனில்லை என்று சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது.

தாதிக்கு வீட்டாரிடமிருந்து தேவைப்படுவது வேறு: காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, எப்போது விட்டது, எத்தனை முறை வாந்தி, எத்தனை குவளை குடித்தார், உடம்பு வலிக்கு என்ன மாத்திரை போட்டார், கடைசியாகச் சிறுநீர் கழித்தது எத்தனை மணிக்கு. வீட்டில் இருப்பவர் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், மறுநாள் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.